ஒயின் சாலையில் ஓர் உபாத்தியாயன்

மதுவிலக்கின் மேன்மையைப் பற்றி வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாணவர்களிடம் பிரசங்கம் செய்கிறவன் நான். அப்படிப்பட்டவன், 170 கிலோமீட்டர் தூரம் திராட்சைத் தோட்டங்களின் நடுவே செல்லும் ஒரு சாலையில், ஊருக்கு ஊர் இறங்கி, கிண்ணத்துக்குக் கிண்ணம் முகர்ந்துகொண்டு பிரயாணம் செய்தேன் என்றால் நேயர்கள் என்ன நினைப்பார்கள்? எதை நினைப்பதாயினும், இதை முழுவதும் படித்துவிட்டு நினைக்கும்படி வேண்டிக்கொள்ளுகிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் நானும் என் மனைவியும் பிரான்ஸ் தேசத்துக்குப் போயிருந்தோம். ஸ்ட்ராஸ்பூர் நகரில் உத்தியோகம் பார்க்கும் என் மைத்துனர் மூன்று வருஷமாக அழைத்துக்கொண்டிருந்தார். அந்நகரம் அல்சாஸ் என்னும் பிரதேசத்தின் தலைமை நகரம். மேற்கே வோஜ் மலைத்தொடர். கிழக்கே ரைன் நதி. நதிக்கு அப்பால் ஜெர்மனி. இவற்றின் நடுவே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் ஒடுக்கமான நாடு அது. மலையடிவாரத்துச் சரிவுகளில் ரோமாபுரியின் ஆட்சிக் காலம் முதல் திராட்சை பயிராகி வருகிறது. அந்தச் சரிவுகளை ஒட்டி, வடக்கே மார்லென்ஹைம் என்ற ஊரிலிருந்து தெற்கே டான் என்ற ஊர் வரையில் வளைந்து வளைந்து செல்லும் பாதைக்கு 1953-ஆம் வருஷத்தில் 'ஒயின் சாலை' என்று பெயரிட்டுத் திறந்து வைத்தார்கள். வழியிலுள்ள கிராமங்களில் தோட்டக்காரர்கள் தங்கள் வீட்டு நிலவறையைத் திறந்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்குக் கிண்ணத்தில் வார்த்து ருசி காட்டுகிறார்கள். பிடித்தால் வாங்கலாம், பிடிக்காவிட்டால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போகலாம்.

"ஒயினைத் தொடாதவருக்கு ஒயின் சாலையில் என்ன வேலை?" என்று மைத்துனர் கேட்டார். எனக்கு ஒரு வேலை இருந்தது. அல்போன்ஸ் தோதே என்ற பிரெஞ்சு ஆசிரியர், 1870-71-ஆம் வருஷத்து யுத்தத்துக்குப் பிறகு எழுதிய 'கடைசிப் பாடம்' என்ற சிறுகதை இந்த அல்சாஸில்தான் நடக்கிறது. மத்தியப் பாடத்திட்டத்துப் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தின் முதற் பாடம் அது. யுத்தத்தில் வென்ற ஜெர்மானியர், இனிப் பள்ளிகளில் ஜெர்மன் மொழியே கற்பிக்க வேண்டும் என்று உத்தரவு போடுகிறார்கள். நாற்பது வருஷம் பிரெஞ்சு கற்பித்த கிழ உபாத்தியாயர் ஆமேல், தம் கடைசி வகுப்பை நடத்துகிறார். பாடம் படிக்காமல் ஊர் சுற்றிய பிரான்ட்ஸ் என்ற சிறுவன் அன்றைக்குத்தான் தன் மொழியின் அருமையை உணர்கிறான். பல ஆண்டுகளாக அந்தக் கதையை நடத்தி வருகிறேன். ஒவ்வொரு வருஷமும் கடைசிப் பக்கத்தில் என் தொண்டை கம்மும். முன் வரிசையில் இரண்டொருவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். தாய்மொழிப் பற்றுக்கு இதைவிட மேலான பாடம் இல்லை என்பது என் அபிப்பிராயமாயிருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்து மண்ணை ஒரு தடவை மிதித்துவிட்டு வர வேண்டும் என்பதே என் ஆசை.

எனக்கு மோட்டார் ஓட்டத் தெரியாது. என் மனைவி வங்கி உத்தியோகஸ்தி; மதுரை நகரத்துத் தெருக்களில் பதினைந்து வருஷம் வண்டி ஓட்டியவள். மதுரையில் ஓட்டியவர் மூவுலகிலும் ஓட்டலாம். சர்வதேச அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, வாடகைக்கு ஒரு சின்ன வண்டி அமர்த்தினோம். அந்த நாட்டில் சாலையின் வலப்புறம் ஓட்ட வேண்டும். முதல் அரைமணி நேரம் நான் எல்லாத் தெய்வங்களையும் துணைக்கு அழைத்தேன். அவள் ஒருவரையும் அழைக்கவில்லை. பிரெஞ்சுச் சட்டப்படி, ஓட்டுகிறவருடைய ஒரு லிட்டர் இரத்தத்தில் அரை கிராம் சாராயம் சேர்ந்திருந்தாலே குற்றம். ஆகவே, ஓட்டுகிறவள் குடிக்கக் கூடாது. ஓட்டாதவனோ குடிக்க மாட்டான். இப்படியாக எங்கள் ஒயின் யாத்திரை ஆரம்பமாயிற்று.

மார்லென்ஹைமைத் தாண்டிச் சிறிது தூரத்தில் ஒரு கிராமம். கல் பாவிய முற்றம். உள்ளே குளுகுளு என்ற நிலவறை. ஆள் உயர மரப் பீப்பாய்கள். தோட்டக்காரர் நடுத்தர வயதினர். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் வெவ்வேறு தினுசாயிருந்தபோதிலும் விஷயம் விளங்கிற்று. பச்சை நிறக் காலுடைய சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு விரற்கடை வார்த்தார். வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்தார். கிண்ணத்தைச் சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி, நெடுநேரம் முகர்ந்தார். பிறகு ஒரு வாய் எடுத்து, நம் ஊரில் வாய் கொப்பளிப்பதுபோல் நாக்கின் மேலும் கீழும் உருட்டினார். அடுத்த கணம், பக்கத்திலிருந்த படிக்கத்தில் துப்பிவிட்டார்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குளிர்காலத்தில் கிளை கழித்து, வசந்தத்தில் கொடியைக் கம்பியில் கட்டி, கோடையில் இலை கிள்ளி, இலையுதிர் காலத்தில் கொத்துக் கொத்தாய் அறுத்து, பிழிந்து, மாதக்கணக்கில் காத்திருந்து எடுத்த சரக்கைத் துப்புவதற்கா இவ்வளவு பாடு? அவர் சிரித்துக்கொண்டு விளக்கினார். ருசி பார்ப்பது வேறு, குடிப்பது வேறு. ஒரு நாளில் முப்பது நாற்பது தினுசு ருசி பார்க்க வேண்டியவன் விழுங்கினால், ஐந்தாவதற்குமேல் அவன் நாக்குப் பொய் சொல்லத் தொடங்கிவிடும். துப்பத் தெரிந்தவனே தொழில் தெரிந்தவன்.

"என் தொழில் வேறு. நான் முகர மட்டும் முகரலாமா?" என்று கேட்டேன். அவர் சிறிதும் கோபிக்கவில்லை. "பாதி ஒயின் மூக்கில்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, என் மனைவிக்குத் தம் தோட்டத்துத் திராட்சைப் பழச்சாற்றை ஒரு பெரிய தம்ளரில் கொண்டுவந்து கொடுத்தார். மோட்டார் ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் உபசாரமாம்.

நான் ஏன் குடிப்பதில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். என் தகப்பனார் நல்லவர். குடிக்காத நாட்களில் அவரைப்போல் நல்லவரை நான் கண்டதில்லை. அந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வீட்டிலிருந்த வெண்கலப் பாத்திரங்கள் ஒவ்வொன்றாய் அடகுக் கடைக்குப் போயின. மீண்டு வந்தது ஒன்றும் இல்லை. எனக்குப் பதினான்கு வயதாகும்போது அவர் போய்விட்டார். காரியங்கள் முடிந்த அன்றிரவு, அம்மா என் கையைத் தன் கையில் வைத்துக்கொண்டு, "இந்த வீட்டில் இனி அது நுழையக் கூடாது" என்றாள். சத்தியம் செய்து கொடுத்தேன். விவாகமான முதல் மாதத்தில் என் மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு அந்தப் பேச்சே எங்களுக்குள் எழவில்லை. இருபது வருஷம் ஓடிவிட்டது.

சாலை தெற்கே செல்லச் செல்ல, ஊர்கள் பொம்மைக் கொலுவைப்போல் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. குறுக்கும் நெடுக்கும் மரச் சட்டங்கள் தெரியும் சுவர்கள். ஜன்னல்தோறும் சிவப்புப் பூந்தொட்டிகள். தேவாலயக் கோபுரத்தின் உச்சியில் செங்கால் நாரையின் கூடு. அந்த நாரைகள் 1970-களின் நடுவில் அல்சாஸ் முழுவதிலும் பத்துச் சோடியளவுக்குக் குறைந்துவிட்டனவாம். ஊனாவிர் என்ற கிராமத்தில் ஒரு காப்பகம் ஏற்படுத்தி வளர்த்துப் பெருக்கியிருக்கிறார்கள். இப்போது வீட்டுக் கூரைகளில் நூற்றுக்கணக்கான சோடிகள் சொந்தக்காரரைப்போல் நின்றுகொண்டு, அலகைத் தட்டி ஓசையெழுப்புகின்றன.

மேல்காற்றோடு வரும் மழையை வோஜ் மலை தடுத்துக்கொள்வதால், அதன் கீழ்ப்புறம் வறண்ட பூமி. கோல்மார் நகரில் வருஷத்துக்கு ஏறக்குறைய 600 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. பிரான்ஸ் தேசத்திலேயே மழை குறைந்த நகரங்களில் அது ஒன்று. திராட்சைக்கு அதுவே பாக்கியமாகிறது. மண்ணோ ஊருக்கு ஊர் மாறுகிறது. ஓரிடத்தில் கருங்கல் பொடிந்த மண், ஒரு மைல் தாண்டினால் சுண்ணாம்பு, அப்பால் மணற்கல். ஒரே கொடி மண்ணுக்குத் தக்கபடி வேறு வேறு மணம் தருகிறது. பிரான்ஸின் மற்றப் பிரதேசங்களில் பெரும்பாலும் ஊரின் பெயரால் ஒயினை அழைப்பார்கள். அல்சாஸில் பழத்தின் பெயரைப் புட்டியின்மேல் போடுகிறார்கள். ரீஸ்லிங், சில்வானெர், மஸ்கட், பினோ கிரி, கெவூர்ட்ஸ்ட்ராமினெர் என்று நான் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, மாணவன் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தேன். பத்தில் ஒன்பது பங்கு வெள்ளை ஒயின்தான். பினோ கிரிக்கு முன்பு 'டோக்காய்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது எங்கள் ஊரின் பெயர் என்று ஹங்கேரி தேசத்தார் ஆட்சேபித்து, 2007-ஆம் வருஷம் முதல் அந்தப் பெயரை விலக்கிவிட்டார்கள். பெயர் விஷயத்தில் அந்தச் சீமைக்கு ஏதோ ஒரு ராசி உண்டு என்று நினைத்துக்கொண்டேன். அது எவ்வளவு உண்மை என்பது மறுநாள்தான் தெரிந்தது.

இரவு ரிபோவில்லேயில் தங்கினோம். மறுநாள் முற்பகல் ரிக்விர் என்ற ஊருக்கு அருகே ஒரு வீட்டில் இறங்கினோம். தோட்டத்தை நடத்துகிறவள் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு மாது. ஆங்கிலம் நன்றாகப் பேசினாள். மூலையில் கணப்பின் அருகே அவளுடைய தகப்பனார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தொண்ணூறு வயது இருக்கும். நான் உபாத்தியாயன் என்று கேட்டதும் கிழவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. 'கடைசிப் பாடம்' கதையை இந்தியாவில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று நான் பெருமையோடு சொன்னேன். மகள் மொழிபெயர்த்தாள். கிழவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு அவர் சொன்னவற்றை மகள் வாயிலாகக் கேட்டு, என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

"அந்தக் கதையை எனக்கும் நடத்தினார்கள், ஐயா. ஆனால் 1940-ஆம் வருஷத்தில் நான் முதல் வகுப்பில் காலை வைத்தபோது நடந்தது ஜெர்மன் பாடம். ஹிட்லரின் ஆட்கள் வந்துவிட்டார்கள். பிரெஞ்சு பேசக் கூடாது. தட்டைத் தொப்பி போடக் கூடாது. என் பெயர் பிரெஞ்சுப் பெயரென்று அதையும் மாற்றினார்கள். 1945-இல் மறுபடி பிரான்ஸ். நான் ஐந்து வருஷம் கற்றதையெல்லாம் மறக்கச் சொன்னார்கள். எனக்கும் ஒரு கடைசிப் பாடம் நடந்தது. ஆனால் அது ஜெர்மன் பாடம். அதற்காக யார் அழுவார்கள்?"

"அப்படியானால், வீட்டில் உங்கள் தாயாரோடு பிரெஞ்சுதானே பேசினீர்கள்?" என்று கேட்டேன்.

"இல்லையே! அல்சாசியம் பேசினோம். ஜெர்மன் மொழிக்கு உறவுதான். ஆனாலும் ஜெர்மன் அல்ல. இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் அதுதான். யுத்தம் முடிந்த பிறகு, பள்ளிக்கூட முற்றத்தில் அதைப் பேசினதற்காகத் தண்டனை வாங்கியிருக்கிறேன். எங்கள் வீட்டுப் பேச்சுக்குக் கடைசிப் பாடம் என்று ஒன்று நடக்கவே இல்லை, ஐயா. முதற் பாடமே நடந்ததில்லையே!"

என் பேனா நின்றுவிட்டது. கதையில் வரும் சிறுவனின் பெயர் பிரான்ட்ஸ். அது ஜெர்மானியப் பெயர். இத்தனை வருஷமாக அது என் கண்ணில் பட்டதே இல்லை! ஆமேல் உபாத்தியாயர் கற்பித்த பிரெஞ்சு, அந்தக் கிராமத்துப் பிள்ளைகளில் பலருக்குப் பள்ளியில் கற்ற மொழியே அன்றித் தாய்ப்பாலோடு வந்த மொழி அன்று. கதை பொய் என்று சொல்ல மாட்டேன். ஜெர்மானியர் செய்தது கொடுமை என்பதிலும் ஐயமில்லை. ஆனால் நான் நடத்தியது பாதிப் பாடம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1871-இல் அல்சாஸ் ஜெர்மனிக்குப் போயிற்று. 1918-இல் பிரான்ஸுக்குத் திரும்பிற்று. 1940-இல் மறுபடி ஜெர்மனி. 1945-க்குள் மீண்டும் பிரான்ஸ். 1865-இல் பிறந்து எண்பது வயது வரை வாழ்ந்த ஒருவர், தம் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே நான்கு முறை தேசம் மாறியிருப்பார். ஒரு தடவையும் அவர் சம்மதத்தை யாரும் கேட்டதில்லை. ஒயினுக்கும் அதே கதிதான். ஜெர்மன் ஆட்சியில் மலிவான சரக்காய், மற்ற ஒயின்களோடு கலப்பதற்குப் போயிற்று. பிரான்ஸில் மற்றப் பிரதேசங்கள் 1930-களிலேயே பெற்ற பிறப்பிட உரிமைச் சட்டம், அல்சாஸ் ஒயினுக்கு 1962-இல்தான் கிடைத்தது.

கிழவர் சுவரிலிருந்த ஒரு புகைப்படத்தைக் காட்டினார். அவருடைய மூத்த அண்ணன். ஜெர்மன் சிப்பாய் உடையில் இருந்தான். 1942-ஆம் வருஷம் ஆகஸ்டு முதல், அல்சாஸிலும் பக்கத்து மோசெல் ஜில்லாவிலும் ஏறக்குறைய 1,30,000 இளைஞர்களைப் பலவந்தமாய் ஜெர்மன் படையில் சேர்த்து, பெரும்பாலோரை ருஷ்யப் போர்முனைக்கு அனுப்பினார்கள். முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. 'மனமொவ்வாமல் போனவர்கள்' என்று பொருள்படும் ஒரு பெயரால் அவர்களை இன்றும் அங்கே குறிப்பிடுகிறார்கள். அண்ணனும் திரும்பவில்லை. புறப்படும்போது மகள் ரீஸ்லிங் கிண்ணம் ஒன்றை நீட்டினாள். முகர்ந்தேன். எலுமிச்சைத் தோலும் மழை பெய்து ஓய்ந்த பாறையும் கலந்தாற்போல் ஒரு மணம். "இந்தக் கொடி கருங்கல் மண்ணில் நிற்கிறது. எந்த ஆட்சியிலும் இதன் வாசனை இதுதான்" என்றாள்.

அடுத்த ஊர் கைசர்ஸ்பேர்க். ஆப்பிரிக்காவில் வைத்தியசாலை அமைத்துத் தொண்டு செய்து, 1952-ஆம் வருஷத்துக்கான சமாதான நோபெல் பரிசு பெற்ற ஆல்பர்ட் ஷ்வைட்ஸெர் 1875-இல் பிறந்த ஊர் அது. நம் இந்தியத் தத்துவ ஞானத்தைப் பற்றியும் ஒரு நூல் எழுதியவர். அவர் பிறந்தபோது அந்த ஊர் ஜெர்மனியில் இருந்தது. ஆகையால் முதல் உலக யுத்தத்தின்போது, பிரெஞ்சுக் குடியேற்ற நாடான காபோனில் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவரைப் பிரெஞ்சு அதிகாரிகள் எதிரி நாட்டான் என்று காவலில் வைத்து, 1917-இல் மனைவியோடு பிரான்ஸுக்குக் கொண்டுபோய்ச் சிறை முகாமில் அடைத்தார்கள். யுத்தம் முடிந்ததும் அதே மனிதர் பிரெஞ்சுப் பிரஜையாகிவிட்டார். மனிதர் மாறவில்லை, எல்லைக் கோடுதான் அவரைத் தாண்டிப் போயிற்று.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் சிகோல்ஸ்ஹைம். திராட்சைக் கொடிகளுக்கு மேலே ஒரு குன்றின் உச்சியில், 1944-45-ஆம் வருஷத்துக் குளிர்காலப் போரில் மாண்ட பிரெஞ்சுப் படையினரின் மயானம் இருக்கிறது. 1,500-க்கும் அதிகமான கல்லறைகள். சிலுவைகளோடு, இஸ்லாமியரின் நடுகற்களும் வரிசை வரிசையாய் நிற்கின்றன. அல்ஜீரியாவிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் வந்தவர்கள். தங்கள் தேசத்துக்கு விடுதலை இல்லாத நாளில், பிறர் தேசத்தின் விடுதலைக்காக, பனி உறைந்த குன்றில் உயிர் விட்டார்கள். நானும் என் மனைவியும் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. கீழே, கண்ணுக்கெட்டிய வரையில் இளந்தளிர் விட்ட கொடிகள் சீப்பால் வாரினதுபோல் வரிசையாய் இறங்கிச் சென்றன.

மாலையில் துர்க்ஹைம் வந்து சேர்ந்தோம். மதில் சூழ்ந்த சிறு ஊர். வண்டியை விடுதியின் கொல்லையில் நிறுத்திவிட்டு, பக்கத்திலிருந்த ஒரு நிலவறைக்குப் போனோம். அன்றைக்கு அதுதான் கடைசி நிறுத்தம். தோட்டக்காரர் வழக்கம்போல் என் முன் கிண்ணத்தை வைத்து, என் மனைவிக்காகப் பழச்சாற்றுப் புட்டியை எடுத்தார்.

"வேண்டாம், எனக்கும் அதையே ஊற்றுங்கள்" என்றாள் அவள்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"இன்றைக்கு இனி வண்டி ஓட்டப் போவதில்லை. ஒரு வாய் ருசி பார்க்கப் போகிறேன்" என்றாள். அனுமதி கேட்கும் குரல் அன்று. செய்தி சொல்லும் குரல்.

"நம் வீட்டில்..." என்று ஆரம்பித்தேன்.

"உங்கள் அம்மாவுக்கு நீங்கள் வாக்குக் கொடுத்தீர்கள். அதைக் காப்பாற்றுகிறீர்கள், எனக்கு அதில் பெருமைதான். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லையே? அம்மாவும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. 'நம் வீட்டில் இது இல்லை' என்று சொன்னீர்கள். நானும் சரி என்று இருந்துவிட்டேன். எனக்கு அதன்மேல் ஆசை இருந்ததென்று நினைக்காதீர்கள். கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் கேட்கவில்லை."

அன்று முற்பகல் ஒரு கிழவர் வாயிலிருந்து இதே வார்த்தையைக் கேட்டுத் தலையாட்டி, குறிப்புப் புத்தகத்திலும் எழுதிக்கொண்டவன் நான். பதில் வரவில்லை. கிண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருந்த என் விரல்கள் நடுங்கின. நிலவறையின் வாசனை திடீரென்று அடகுக் கடைக்குப் போன பாத்திரங்களின் வாசனையாய் மாறிற்று.

அவள் கிண்ணத்தைச் சுழற்றினாள், முகர்ந்தாள். அது கெவூர்ட்ஸ்ட்ராமினெர். முதல் வாயைத் தொழில் தெரிந்தவளைப்போல் படிக்கத்தில் துப்பினாள். இரண்டாவது வாயை விழுங்கினாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதைத் தேடினேன் என்று எனக்கே பிறகுதான் விளங்கிற்று. என் தகப்பனாரின் கண்களில் விளக்குவைக்கும் நேரத்தில் வந்து குடிபுகும் அந்த வேறொரு மனிதனைத் தேடினேன். அவன் அங்கே இல்லை. இருந்தவள் என் மனைவிதான்.

"பன்னீரில் ஊறப்போட்ட லிச்சிப் பழம் மாதிரி இருக்கிறது. முடிவில் கொஞ்சம் கசக்கிறது" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பாதி அப்படியே இருந்தது. "போதும், தெரிந்துகொண்டேன்."

"உன்னைக் கேட்டிருக்க வேண்டும்" என்றேன் நான். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

"இப்போது கேட்டுவிட்டீர்கள்" என்றாள்.

துர்க்ஹைமில் வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரையில், இரவு பத்து மணிக்கு ஒரு காவற்காரர் புறப்படுகிறார். கறுப்பு அங்கி, கையில் லாந்தரும் நீண்ட ஈட்டியும். தெரு முனைகளில் நின்று, மணி பத்தாயிற்று, அடுப்பையும் விளக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பழைய மெட்டில் பாடுகிறார். பாடுவது அல்சாசிய மொழியில். பிரெஞ்சுச் சுற்றுலாக்காரர்களும் ஜெர்மன் சுற்றுலாக்காரர்களும் பின்னால் கூட்டமாய்ப் போனார்கள். ஒருவருக்கும் முழுவதும் விளங்கவில்லை. ஒரு ஜன்னலில் மட்டும் ஒரு கிழவி வாய்க்குள் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள். நாங்களும் லாந்தருக்குப் பின்னால் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தோம்.

மறுநாள் கோல்மார் வழியாய்ச் சென்று, டான் நகரில் சாலையின் முடிவைப் பார்த்தோம். கோல்மாரில், நியூயார்க் துறைமுகத்துச் சுதந்திர தேவி சிலையைச் செதுக்கிய பர்த்தோல்டி 1834-இல் பிறந்த வீடு காட்சிசாலையாயிருக்கிறது. 1871-இல் தன் பிறந்த ஊர் அயலார் கைக்குப் போனதைக் கண்ட மனிதர், கடலுக்கு அப்பால் சுதந்திரத்துக்கு அவ்வளவு உயரமான உருவம் கொடுத்ததில் வியப்பில்லை என்று பேசிக்கொண்டே ஸ்ட்ராஸ்பூர் திரும்பினோம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வழக்கப்படி முதற் பாடத்தை நடத்தினேன். கடைசிப் பக்கம் வந்தது. இந்த வருஷமும் தொண்டை கம்மத்தான் செய்தது. ஆனால் புத்தகத்தை மூடாமல் ஒரு கேள்வி கேட்டேன்: "இந்தப் பிரான்ட்ஸ், வீட்டுக்குப் போய்த் தன் தாயாரிடம் இந்தச் செய்தியை எந்த மொழியில் சொல்லியிருப்பான்?"

பிரெஞ்சில் என்று பலர் கத்தினார்கள். நான் கிழவர் சொன்னதைச் சொன்னேன். வகுப்பு நிசப்தமாயிற்று. கடைசி வரிசையில், வருஷம் முழுவதும் வாய் திறவாத ஒரு பையன் எழுந்து நின்றான்.

"சார், நாங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறோம்."

அவனுக்கு இரண்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். அவன் வீட்டு மொழி என்னவென்று நான் கேட்டதில்லை.

"நீ பிரான்ட்ஸாக இருந்தால் உன் அம்மாவிடம் எப்படிச் சொல்லுவாய்? சொல்லு, கேட்போம்" என்றேன்.

தயங்கித் தயங்கி ஒரு வாக்கியம் சொன்னான். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. இன்னும் ஒரு முறை சொல்லச் சொன்னேன்.